நங்கூரம் யாருடையது?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களிற் சிலர் முகத்திலே வியப்பும், வேறு சிலர் முகத்திலே ஐயமும் படர்வதைக் கண்டேன். "பீர் ஆலையைப் பற்றியா பேச்சு? அரசியல் மேடையிலே அதற்கென்ன வேலை?" என்பது அந்த ஐயம். குடியின் பெருமையைப் பாட நான் வரவில்லை. குடியால் குலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். அதுபற்றி நாம் கொண்டுள்ள கருத்தும் மாறவில்லை. ஆயினும், ஓர் ஆலையிலே உருவாவது பாலாயினும் பாகாயினும் பீராயினும், அந்த ஆலை யாருடையது, அதைத் திறப்பதா மூடுவதா என்று தீர்ப்பளிப்பவர் யார் என்ற கேள்வி ஒன்றேதான். அந்தக் கேள்விக்கு, அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, சான்பிரான்சிஸ்கோ நகரிலே நடந்து முடிந்த நிகழ்ச்சிகள் தெளிவான பாடமாக அமைந்திருக்கின்றன. அந்தப் பாடத்தைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறேன்.

கடற்காற்றில் ஆறிய பானம்

அந்த ஆலையின் பெயர் ஆங்கர். தமிழிலே சொன்னால் நங்கூரம். 1896-ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பெயரைத் தாங்கி நின்ற ஆலை அது.

லாகர் என்னும் வகைப் பீருக்குரிய ஈஸ்ட் குளிரிலேதான் செவ்வனே வேலை செய்யும். ஜெர்மானிய நாட்டிலே குளிர்ந்த நிலவறைகள் இருந்தன, பனிக்கட்டி இருந்தது. பொன் தேடிக் கலிபோர்னியாவுக்கு ஓடிவந்த மக்களிடம் பனிக்கட்டி ஏது? ஆகவே அவர்கள், அகலமான ஆழமற்ற திறந்த தொட்டிகளிலே சாற்றை ஊற்றி, கடற்காற்றிலே ஆறவிட்டு, இளஞ்சூட்டிலேயே புளிக்க வைத்தார்கள். இல்லாமையிலிருந்து பிறந்த அந்த முறைக்கு ஸ்டீம் பீர் என்று பெயர். உழைத்துக் களைத்தவன் குறைந்த விலைக்குப் பருகிய பானம்.

1906-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த தீயிலே அந்த ஆலை எரிந்தது, மீண்டும் எழுந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடந்தது, ஆலை அடைபட்டது, மீண்டும் திறந்தது. நெருப்புக்கும் சட்டத்துக்கும் தப்பிய அந்த ஆலையால், பெருமுதலாளிகளின் போட்டிக்குத் தப்புவது எளிதாக இல்லை. குளிர்பதன இயந்திரம், நெடுந்தொலைவு ஓடும் வண்டிகள், தொலைக்காட்சி விளம்பரம் ஆகிய மூன்றையும் கையிலே வைத்திருந்தவர்கள் சிறிய ஆலைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார்கள். 1970-களின் இறுதியிலே, அவ்வளவு பெரிய நாட்டிலே, எஞ்சி நின்ற பீர் நிறுவனங்கள் நூற்றுக்கும் குறைவு. சுவையும் ஒன்று, நிறமும் ஒன்று, சீட்டு மட்டும் வேறு! ஏகபோகம் என்பது பொருளின் விலையை மட்டுமன்றி, மக்களின் நாவையும் ஆளத் தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1965-ஆம் ஆண்டு, மூடும் தறுவாயிலிருந்த ஆங்கர் ஆலையின் பெரும்பங்கை, சலவை இயந்திரத் தொழிலிலே பெயர்பெற்ற மேடேக் குடும்பத்து இளைஞரான பிரிட்ஸ் மேடேக் வாங்கினார். 1971-இலே தம் ஸ்டீம் பீரைப் புட்டியிலே அடைத்து விற்கத் தொடங்கினார். 1975-இலே, அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்துக்கு இருநூறு ஆண்டு நிறைவதையொட்டி, லிபர்டி ஏல் என்ற புதுப் பீரைக் காய்ச்சினார். ஹாப்ஸ் பூவின் மணமும் கசப்பும் ஓங்கி நின்ற அந்த வகை, பின்னாளிலே ஆயிரக்கணக்கான சிறு ஆலைகளுக்கு வழிகாட்டியது. அதே ஆண்டு தொடங்கி, ஒவ்வொரு கிறிஸ்துமஸ் பருவத்துக்கும் ஒரு தனிப் பீர். ஆண்டுதோறும் செய்முறை மாறும். புட்டிச் சீட்டிலே வரையப்படும் மரமும் மாறும். இந்த ஆண்டு என்ன மரம் என்று நகரமே காத்திருக்கும்.

1978-ஆம் ஆண்டு, வீட்டிலே தம் தேவைக்குப் பீர் காய்ச்சுவதைச் சட்டமாக்கிய மசோதாவிலே குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையெழுத்திட்டார். அடுப்படியிலே பழகியவர்கள் அடுத்த தெருவிலே ஆலை வைத்தார்கள். கிராஃப்ட் பீர், அதாவது கைவினைப் பீர், என்ற பெயர் பரவியது. நூற்றுக்கும் குறைவாக இருந்த ஆலைகள், அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குள் 9,000-ஐத் தாண்டின.

ஆலை வாயிலில் ஒரு கூடம்

இந்த வளர்ச்சியிலே முக்கிய இடம் பெற்றது டாப்ரூம் என்று அவர்கள் அழைக்கும் கூடம். காய்ச்சும் இடத்தின் வாயிலிலேயே, பீப்பாயிலிருந்து குழாய் வழியே ஊற்றிக் கொடுக்கும் இடம் அது. ஏன் அதன் மீது சிறு ஆலைகளுக்கு அவ்வளவு ஆசை?

1933-இலே மதுவிலக்கு நீங்கியபோது, ஆலைக்காரரே கடையையும் நடத்திக் குடியைப் பெருக்கிய பழைய கேடு திரும்பலாகாது என்று கருதி, அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் மூன்றடுக்கு முறையை வகுத்தன. காய்ச்சுபவர் ஒருவர், மொத்தமாக வாங்கிப் பிரிப்பவர் ஒருவர், கடையிலே விற்பவர் ஒருவர். நோக்கம் நல்லது. ஆனால் நாளடைவிலே நடுவிலே நின்றவர் வலுத்தார். பெரிய நிறுவனத்தின் சரக்கை ஏற்றும் வண்டியிலே சிறிய ஆலையின் பீப்பாய்க்கு மூலையிலேதான் இடம். டாப்ரூமிலோ இடைத்தரகு இல்லை. விற்ற காசு முழுவதும் ஆலைக்கே வருகிறது. புதிதாகக் காய்ச்சிய பீரைப் பத்துப் பேரிடம் கொடுத்து, அது தேறுமா தேறாதா என்று அன்றே அறியலாம். ஆங்கர் ஆலையும் தன் தெருவுக்கு எதிரிலேயே அப்படியொரு கூடத்தைத் திறந்தது.

இவ்வளவும் நல்ல செய்திதான். ஆனால் தோழர்களே, ஒரு கூடம் நான்காகும்போது, நான்கு எட்டாகும்போது, அதற்கு முதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டாமா? ஒவ்வொரு கூடத்துக்கும் வாடகை, எஃகுத் தொட்டிகள், கடன், வட்டி! ஊரிலே பிறந்த ஆலை, ஊரைவிட்டு வளர வளர, ஊராரின் கையிலிருந்தும் நழுவுகிறது.

சான்டியாகோ நகரிலே 1996-இலே பிறந்த பாலஸ்ட் பாயிண்ட் என்ற ஆலையைப் பாருங்கள். 2015-இலே கான்ஸ்டலேஷன் என்ற பெருநிறுவனம் அதை ஏறத்தாழ நூறு கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நாட்டின் மறு கோடியிலே, வர்ஜீனியாவிலே ஓர் ஆலை! சிகாகோவிலே ஒரு கூடம்! டிஸ்னி கேளிக்கைப் பூங்காவின் அருகிலே ஒரு கூடம்! விரிவு, விரிவு, மேலும் விரிவு! நான்கே ஆண்டுகள் கழித்து, 2019-இலே, அதே நிறுவனம் அந்த ஆலையை, இல்லினாய் மாநிலத்துச் சின்னஞ்சிறு ஆலைக்காரர்களிடம் கைமாற்றிவிட்டு விலகிக் கொண்டது. கூடங்களின் எண்ணிக்கை பெருகுவதை வளர்ச்சி என்று எண்ணி ஏமாந்துவிடலாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சங்கம் பிறந்தது

மீண்டும் நங்கூரத்துக்கு வருவோம். 2010-இலே மேடேக் தம் ஆலையை விற்றார். வாங்கியவர்கள் 2017-இலே ஜப்பானிய நிறுவனமாகிய சப்போரோவுக்கு விற்றார்கள். நகரத்தின் அடையாளம் என்று எல்லோரும் போற்றிய பொருள், எவரையும் கேளாமல் இருமுறை கைமாறியது. கேட்க வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

தொழிலாளர் நிலை என்ன? கணினித் தொழிலால் செல்வம் கொழித்து, வீட்டு வாடகை விண்ணை முட்டிய நகரம் சான்பிரான்சிஸ்கோ. நகரின் பெயரைச் சீட்டிலே ஒட்டிப் புட்டிகளை அனுப்பிய தொழிலாளி, அந்த நகரிலே குடியிருக்கக் கூலி போதாமல் திண்டாடினான். கிராஃப்ட் பீர்த் தொழிலிலே ஒரு பேச்சு வழக்கம் உண்டு: "நாமெல்லாம் ஒரே குடும்பம், நம்மிடையே சங்கம் எதற்கு?" குடும்பம்தான், ஆனால் சொத்தை விற்கும்போது மட்டும் பிள்ளைகளைக் கேட்காத குடும்பம்!

அந்தப் பேச்சிலே மயங்காத தொழிலாளர்கள், துறைமுக, கிடங்குத் தொழிலாளர் சங்கத்தை நாடினார்கள். அந்தச் சங்கத்தின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1934-ஆம் ஆண்டு, ஹாரி பிரிட்ஜஸ் முன்னின்று நடத்திய துறைமுக வேலைநிறுத்தத்திலே, அதே சான்பிரான்சிஸ்கோவின் தெருவிலே தொழிலாளர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நகரமே பொது வேலைநிறுத்தத்திலே அசைவற்று நின்றது. அந்த இரத்தத்திலே வேர்விட்ட சங்கம் அது. 2019 மார்ச்சு மாதம் ஆங்கர் ஆலையிலே வாக்கெடுப்பு நடந்தது. சங்கத்துக்கு ஆதரவு 31, எதிர்ப்பு 16. எதிரிலிருந்த கூடத்திலே ஊற்றிக் கொடுத்த ஊழியர்களும் தனியே வாக்களித்தார்கள்: ஆறு பேர், ஆறும் சங்கத்துக்கே! அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் ஒப்பந்தமும் கையெழுத்தாகியது. தொட்டி கழுவியவனும், குவளை நிரப்பியவளும் ஒரே சங்கத்திலே நின்றார்கள். அது சிறிய வெற்றியன்று.

ஆலை மூடிற்று

அடுத்த ஆண்டு கொள்ளைநோய் வந்தது. மதுக்கூடங்கள் அடைபட்டன. 2021-இலே பழைய சீட்டுகளை மாற்றிப் புதுக்கோலம் பூட்டினார்கள். பழகிய வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். 2022-இலே, கலிபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் பெரிய ஆலைகளைக் கொண்டிருந்த ஸ்டோன் என்னும் நிறுவனத்தைச் சப்போரோ விலைக்கு வாங்கியது. அமெரிக்கச் சந்தைக்குத் தன் சொந்தப் பீரை அங்கே பெருவாரியாகக் காய்ச்சுவது திட்டம். 2023 ஜூன் மாதம், கிறிஸ்துமஸ் பீரை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. ஜூலை மாதம் ஆலையையே மூடிக் கலைப்பதாக அறிவிப்பு வந்தது. வேலையிழந்தவர்கள் 61 பேர்.

நிறுவனத்தின் தரப்பையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. விற்பனை பல ஆண்டுகளாகவே சரிந்து வந்தது உண்மை. கிராஃப்ட் பீர்ச் சந்தையே நெரிசலாகிவிட்டதும் உண்மை. 2024-ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலே திறந்த கிராஃப்ட் ஆலைகளைவிட மூடியவையே அதிகம். நட்டத்திலே ஓடும் ஆலையை எவரும் என்றென்றும் நடத்த முடியாது என்ற வாதத்திலே நியாயம் இருக்கிறது. அதை மறுத்துப் பேசுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது.

நாம் கேட்பது வேறு. நட்டம் வந்துகொண்டிருந்தபோது, அந்தக் கணக்கு எவருக்குக் காட்டப்பட்டது? மூடுவதென்று முடிவெடுக்கும் முன்னர், அந்தத் தொட்டிகளை நன்கறிந்த கைகளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கப்பட்டதா? அறிவிப்பு வந்தபின், தொழிலாளர்கள் ஒன்றுகூடினார்கள். "நாங்களே கூட்டுறவாக அமைந்து ஆலையை வாங்கி நடத்துகிறோம்" என்று முன்வந்தார்கள். ஆலையின் செய்முறை அவர்கள் கையிலே இருந்தது. வாடிக்கையாளரின் அன்பும் இருந்தது. இல்லாதது இரண்டு: பணமும் காலமும். முயற்சி கைகூடவில்லை. 2024 மே மாதம், தயிர் வாணிபத்திலே பெருஞ்செல்வரான ஹம்தி உலுகாயா ஆலையையும் பெயரையும் செய்முறைகளையும் வாங்கி, மீண்டும் காய்ச்சுவதாக அறிவித்தார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் ஒரு நகரத்தின் நங்கூரம், அடுத்து வரும் செல்வரின் நல்ல மனத்திலே தொங்கலாமா?

சங்கம் இருந்ததே, அது ஏன் காக்கவில்லை என்று கேட்பீர்கள். கூலியைப் பேசும் உரிமை சங்கத்துக்கு இருந்தது. விற்பதையும் மூடுவதையும் பேசும் உரிமை இல்லை. அங்கேதான் முடிச்சு.

பங்கு வேறு, பொறுப்பு வேறு

"அப்படியானால் தொழிலாளரைப் பங்குதாரராக்கிவிட்டால் தீர்ந்ததல்லவா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். அதையும் அமெரிக்காவிலே செய்து பார்த்திருக்கிறார்கள்.

கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் ஊரிலே, 1991-இலே நியூ பெல்ஜியம் என்ற ஆலை தொடங்கிற்று. ஓராண்டு உழைத்தவருக்கு ஒரு மிதிவண்டி பரிசளிக்கும் வழக்கத்தாலே பேர்போன ஆலை. 2012-ஆம் ஆண்டு இறுதியிலே அது முழுவதும் தொழிலாளர் பங்குத் திட்டத்தின் உடைமையாயிற்று. உலகம் பாராட்டிற்று. ஆனால் அந்தப் பங்கு, ஓய்வுபெறும் காலத்துக்கான சேமிப்பாகவே அமைந்திருந்தது. ஆலை வளர்ந்தது, வட கரோலினாவிலே இரண்டாவது ஆலை எழுந்தது, சந்தையிலே நெருக்கடியும் எழுந்தது. 2019-இலே, ஜப்பானியக் கிரின் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் விலை பேசியது. முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலைக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கிடைக்கும் என்று ஆலையின் நிறுவனர் அறிவித்தார். தொழிலாளர்கள் வாக்களித்தார்கள், ஆலை விற்கப்பட்டது.

அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. முதுமைக்கு ஒரு பிடி காசு வேண்டும் என்று நினைப்பது குற்றமா? குற்றம் ஏற்பாட்டிலே இருந்தது. விற்றால்தான் பயன் கைக்கு வரும் என்று அமைந்த உடைமை, என்றாவது ஒருநாள் விற்றே தீரும். ஆங்கரிலே சங்கம் இருந்தது, உடைமை இல்லை. நியூ பெல்ஜியத்திலே உடைமை இருந்தது; அதை விற்காமல் நிறுத்தும் கட்டு இல்லை.

கொப்பரைக் காசு

இதற்கு மாறான ஏற்பாடு உலகிலே எங்கேனும் உண்டா? உண்டு. ஜெர்மனியிலே, பவேரியாவின் ஓபர்ஃபால்ஸ் வட்டாரத்திலே, விண்டிஷெஷன்பாக், ஃபால்கன்பெர்க் போன்ற சில சிற்றூர்களிலே, சோய்கல் என்றொரு பழக்கம் பல நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது. ஊருக்கு ஒரு பொதுக் காய்ச்சுமனை. விறகுத் தீ, பெருங்கொப்பரை. காய்ச்சும் உரிமை பெற்ற வீட்டார், முறைவைத்துச் சாறு காய்ச்சுகிறார்கள். அதற்காகக் கொப்பரைக் காசு என்று ஒரு சிறு கட்டணம் செலுத்துகிறார்கள். மனையைப் பேணுவதற்கு அது உதவுகிறது. பிறகு சாற்றைத் தம் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய்ப் புளிக்க வைக்கிறார்கள். பதம் வந்ததும், வீட்டு முகப்பிலே ஆறுமுனை விண்மீனைத் தொங்கவிடுகிறார்கள். இன்று இந்த வீட்டுக் கூடம் திறந்திருக்கிறது என்பது அதன் பொருள். அடுத்த முறை வேறொரு வீட்டிலே விண்மீன் தொங்கும்.

எண்ணிப் பாருங்கள்! அங்கேயும் வீட்டுக்கு வீடு சுவை மாறுகிறது. அங்கேயும் கூடங்கள் பல இருக்கின்றன. ஆயினும் ஒருவர் கூடம் பெருக மற்றவர் கூடம் அழியவேண்டிய அவசியமில்லை. முறை சுற்றி வருகிறது. தனி வீட்டார் எவரும் கொப்பரையை விற்றுவிட்டுப் போக முடியாது. அதுதான் அதன் உயிர்நாடி.

அதை அப்படியே பெயர்த்து வந்து பேராலைக்குப் பொருத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அது சிற்றூர்ப் பழக்கம்; உரிமை வீட்டோடு ஒட்டியது; கூலித் தொழிலாளியின் சிக்கலுக்கு அது விடையாகாது. ஆனால் அதிலே ஒரு கருத்து இருக்கிறது: எல்லோருக்கும் வேண்டிய பொருளை, ஒருவர் மட்டும் விற்க முடியாதபடி வைக்க வேண்டும். தீயையும் மதுவிலக்கையும் கடந்த ஆங்கர் ஆலைக்கு இல்லாதது அந்தக் கட்டுப்பாடே.

நாம் கேட்க வேண்டியவை

தோழர்களே! நாளை உங்கள் ஊரிலே ஒரு தொழில் பெருகும்போது, "நம் ஊரின் பெருமை" என்று அதன் வாயிலிலே தோரணம் கட்டும்போது, மூன்று கேள்விகளை மறவாதீர்கள். பெயரும் செய்முறையும் யாருடைய பெயரிலே பதிவாகியிருக்கின்றன? நிலம் யாருடையது? கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? கூலி ஒப்பந்தம் எழுதும்போதே, விற்பனைக்கு வந்தால் முதலிலே உழைப்பாளரிடம் கேட்க வேண்டும் என்றும், மூடுவதென்றால் வாங்கி நடத்தப் போதிய காலம் தர வேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள். ஆலை நன்றாக ஓடும் நாளிலே கேட்டால் அது கோரிக்கை. மூடும் நாளிலே கேட்டால் அது மன்றாட்டம்.

புதுச் சரக்கு வரலாம், புதுக் கூடங்கள் திறக்கலாம், பத்திரிகைகள் புகழலாம். கப்பல் அலங்காரத்திலே மயங்கி நிற்பவன் பயணி. நங்கூரச் சங்கிலியின் மறுமுனை யார் கையிலே இருக்கிறது என்று பார்ப்பவனே தொழிலாளி. அப்படிப் பார்க்கக் கற்போம், பார்க்கக் கற்பிப்போம் என்று கூறி, இந்த அளவிலே என் உரையை முடித்துக் கொள்கிறேன்.